டீச்சருக்குத் துணை

உட்காருங்கள் அக்கா, தாராளமாக. உங்களுடையது மேல் பெர்த்தா? அதற்காகப் பகல் முழுக்க அங்கே படுத்தே கிடக்க முடியுமா. இந்த இடத்துக்கு இப்போதைய சொந்தக்காரர் ஒரு மாமா. சீட்டாடுவதற்காகக் காலையிலேயே நாலாவது பெட்டிக்குப் போய்விட்டார். அவரும் உண்மையான சொந்தக்காரர் இல்லை. இது தங்கபுஷ்பம் டீச்சருடைய இடம். போகும்போது எனக்கு எதிரில் அவர்தான். திரும்பும்போதும் டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் நியூ ஜல்பைகுரியில் ஏறின கையோடு அந்த மாமாவைக் கூப்பிட்டு, "சார், ஒங்க சீட்டு பி ஆறுலதான? மாத்திக்கிடுவமா?" என்று கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விஜயவாடாவில்தானே ஏறினீர்கள்? சென்னைக்கு இன்னும் நாலைந்து மணி நேரம் இருக்கிறது. நான் ரயிலில் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அங்கேயும் பேசாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் ஒன்றரை நாளாக வாயே திறக்கவில்லை. டீ விற்கிறவரிடம் "ஒண்ணு" என்றேன், அவ்வளவுதான். நீங்கள் தமிழ் என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு, தப்பு யார்மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

பூட்டான் போய்விட்டு வருகிறோம். எங்கள் கூட்டம் இருபத்திரண்டு பேர், எல்லாரும் தமிழ்நாடு. திருச்சியில் ஒரு டிராவல்ஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். மூன்று வேளையும் நம் சாப்பாடு என்பதுதான் அவர்களுடைய விளம்பரமே. மணவாளன் என்று ஒரு சமையல்காரர், இரண்டு பெரிய குக்கர், புளிக்காய்ச்சல், அப்பளக் கட்டு, எல்லாம் எங்களோடு இமயமலை ஏறியது. மலை உச்சியில் அவ்வளவு பெரிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வரிசையில் நின்று நாங்கள் ரசம் சாதம் சாப்பிட்டோம். படம் வைத்திருக்கிறேன். அறுநூறு எழுநூறு படம் இருக்கும், பிறகு காட்டுகிறேன்.

நர்மதாவோடு போவதாகத்தான் இருந்தது. கல்லூரியில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. மூன்று வருஷமாகத் திட்டம் போட்டோம். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் இப்போது போய் எதற்கு மலையும் குளிரும் என்கிறார்களாம். "நீ போடி. எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பு, நான் வந்த மாதிரியே இருக்கும்" என்றாள். எனக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை. போகாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

இந்த மாதிரி டூரில் தனியாள் என்றால் தனி அறை தர மாட்டார்கள். இன்னொரு தனியாளோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், அவ்வளவுதான் பொருத்தம். டூர் மேனேஜர் பத்ரி சார் போனில், "கவலையே படாதீங்க மேடம், உங்களுக்கு அருமையான ரூம்மேட் போட்டிருக்கேன்" என்றார். நர்மதாவுடைய இடம் அது. யார் வந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ட்ரலில் முதல்முறை பார்த்தேன். அறுபத்தோரு வயது. இஸ்திரி போட்ட காட்டன் புடவை, அதற்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நேராக என்னிடம் வந்து, "நீதான மங்கையர்க்கரசி? நான் தங்கபுஷ்பம். நாசரேத் பக்கம். ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர்டு. கொறட்டை விடுவேன். இப்பமே சொல்லிட்டேன், பொறவு கொற சொல்லப்பிடாது" என்றார்.

நான், "பரவால்ல டீச்சர்" என்றேன்.

"பரவால்லன்னு ராத்திரி சொல்லு பாப்போம்."

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தவர். குரல் மைதானத்தின் அடுத்த கோடி வரைக்கும் போகும். பஸ்ஸில் மைக்கைக் கொடுத்து எல்லாரையும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் பேரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டே பேசினார். "அடுத்த மாசம் பதினெட்டாந் தேதி எனக்கு ரெண்டு முட்டையும் மாத்துதாவ. முட்டுன்னா கால் முட்டு. ஸ்டீலு போடுவாங்களாம். அதுக்கு முன்னால என் சொந்தக் கால்ல ஒரு மலை ஏறிறணும். அதுக்குத்தான் வந்தேன்."

பஸ் முழுக்கக் கைதட்டியது. பின் சீட்டிலிருந்து யாரோ, "டீச்சர், சாமி கும்பிட வரலையா?" என்றார்கள்.

"சாமி நாசரேத்துலயே இருக்காரு. மலைதான் இல்ல" என்றார்.

அவர் சொன்ன மலை பாரோவில் இருக்கிறது அக்கா. டைகர்ஸ் நெஸ்ட் என்பார்கள். செங்குத்தான பாறையில் ஒட்டவைத்த மாதிரி ஒரு மடாலயம். ஒரு குரு புலிமேல் பறந்து வந்து அங்கே தவம் இருந்தாராம். நமக்குப் புலி கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். ஏற மூன்று நாலு மணி நேரம், இறங்க இரண்டு. எங்கள் பயணத்தில் கடைசிக்கு முந்தின நாள் அது.

நான் கவனிக்கிற ஆள் அக்கா. பேச மாட்டேனே தவிர, எதையும் விட மாட்டேன். திம்புவில் நடுரோட்டில் நாய் தூங்கும், கார் ஒதுங்கிப் போகும், ஹாரன் அடிக்க மாட்டார்கள். சிக்னல் விளக்கே கிடையாது, ஒரு போலீஸ்காரர் கூண்டுக்குள் நின்று கையை அசைக்கிறார், நாட்டியம் மாதிரி இருக்கும். வீட்டுச் சுவரில் திருஷ்டிக்காக ஆண் உறுப்பை வரைந்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் மாமிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்ப் படம் எடுத்தார்கள். அதையும் கவனித்தேன். எல்லாவற்றையும் ராத்திரி ஹோட்டல் வைஃபையில் நர்மதாவுக்கு எழுதி அனுப்புவேன். பக்கம் பக்கமாக. அவள் கட்டை விரல் போடுவாள். பாவம், அவளுக்குக் கல்யாண வேலை.

டீச்சர் காலையில் நாலரைக்கு எழுந்துவிடுவார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் உள்ள இடத்தில் உடற்பயிற்சி. இங்கிலீஷில் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணுவார், அவருடைய முட்டு சுள்ளி ஒடிகிற மாதிரிச் சத்தம் போடும். ஐந்தரைக்கு என் தலைமாட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கும். முந்தின நாள் நனைந்த என் சாக்ஸ் ஹீட்டர்மேல் காய்ந்து மடித்து இருக்கும். நான் கேட்கவில்லை. அவருக்குச் சும்மா இருக்க முடியாது, ஏதாவது வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும், அந்த மாதிரி ஆள். எங்கே போனாலும், "நில்லு பிள்ள, நான் ஒன்னயப் படம் எடுக்கேன்" என்பார். நான் வேண்டாம் என்பேன். இரண்டு தடவை எடுத்தார், இரண்டிலும் எனக்குத் தலை இல்லை.

நல்ல மனுஷிதான். நான் இல்லை என்று சொல்லவில்லையே.

இருங்கள், மணவாளன் கட்டிக் கொடுத்த புளியோதரை இருக்கிறது. இரண்டு பொட்டலம். சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா? கொஞ்சமாவது? சரி, இங்கே வைக்கிறேன், பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இப்படித்தான் அக்கா, அந்த ஊரிலும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

புனாகாவில் ஒரு விவசாயி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வெளியூர்க்காரர்களை வீட்டுக்குள் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவதை அங்கே ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். எங்கள் கைடு தோர்ஜி முட்டிவரை தொங்கும் அங்கி போட்டுக்கொண்டு கூடவே இருந்தான். அவன் சொன்னான், இங்கே யாராவது சாப்பிடக் கொடுத்தால் உடனே வாங்கக்கூடாது, கையால் வாயை மூடிக்கொண்டு 'மெஷு மெஷு' என்று சொல்ல வேண்டும், வேண்டாம் வேண்டாம் என்று. இரண்டு தடவை அப்படிச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். கேட்கிறவர்களும் மூன்று தடவை கேட்பார்கள். அதுதான் மரியாதை.

எனக்கு அந்த ஊரிலேயே மிகவும் பிடித்த விஷயம் அதுதான். பிறந்ததிலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன், என் ஊரில்தான் யாரும் மூன்று தடவை கேட்பதில்லை. முதல் தடவை வேண்டாம் என்றதும் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், திம்புவில், பத்ரி சார் பஸ்ஸில் ஒரு சட்டம் போட்டார். போன வருஷம் ஒரு பெரியவர் அந்த மலையில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாராம், தூக்கிக்கொண்டு வர ஐந்து மணி நேரம் ஆனதாம். அதனால் அறுபது தாண்டினவர்கள் மலை ஏற வேண்டும் என்றால் நம் கூட்டத்திலேயே வயசு குறைந்த ஒருவர் துணையாகப் பேர் கொடுக்க வேண்டும். ஏறி இறங்கும் வரைக்கும் கூடவே இருக்க வேண்டும். துணை இல்லாதவர்கள் கீழே பஸ்ஸில் இருக்க வேண்டியதுதான். பையனோடு வந்தவர்கள் பையன் பேரைக் கொடுத்தார்கள். மருமகளோடு வந்தவர்கள் மருமகள் பேரை. அறுபது தாண்டித் தனியாக வந்தவர் டீச்சர் ஒருவர்தான்.

அன்றைக்கு அறையில் என்னிடம் கேட்டார். நான் நர்மதாவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏ மங்கை, நீ எனக்குத் துணையா வாரியா? மெதுவாத்தான் ஏறுவேன். ஆனா நிக்க மாட்டேன், கேட்டியா."

நான், "என்னை நம்பாதீங்க டீச்சர். எனக்கே நடக்க வராது" என்றேன்.

வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை அக்கா. இப்படிச் சொன்னால் அவர் இன்னொரு தடவை கேட்பார், அப்போது சரி என்று சொல்லலாம் என்றுதான். உடனே சரி என்று சொன்னால் என்னமோ நான் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருக்காதா?

புனாகாவில் அந்த விவசாயி வீட்டுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தொங்குபாலத்துக்குப் போனோம். கம்பிப் பாலம், நீளமோ நீளம், இரண்டு பக்கமும் கலர் கலராகக் கொடி படபடக்கிறது. கீழே ஆறு பச்சையாக ஓடுகிறது. காற்றில் பாலம் ஆடியது. எனக்கு நடுவில் கால் வரவில்லை. டீச்சர்தான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "கீழ பாக்காத. என் முதுகப் பாரு. ஒன், டூ, ஒன், டூ." அப்படியே அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"பாத்தியா, இன்னைக்கு நான் ஒனக்குத் துணை. மலையில நீ எனக்குத் துணை. கணக்கு சரியாப் போச்சு" என்றார்.

"நல்லா நடக்கிறவங்களா யாரையாவது பாருங்க டீச்சர்" என்றேன். இரண்டாவது தடவை.

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "மெஷு மெஷுவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். "சரிட்டி. மூணாவது மட்டம் மலைக்குக் கீழ வச்சுக் கேக்கேன். அங்கன வச்சு நீ மாட்டேன்னு சொல்லப்பிடாது."

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். சரி என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் தெரியும்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. மூன்றாவது தடவை கேட்கிறேன் என்று அவரேதான் சொன்னார்.

மலைக்குப் போகிற அன்று காலை ஆறரை மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தோம். குளிர். பைன் மரத்துக்கு மேலே எங்கேயோ உயரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதுதான் மடாலயம் என்றான் தோர்ஜி. ஊன்றுகோல் விற்கிறவர்கள், மட்டக் குதிரைக்காரர்கள், ஒரே கூட்டம். டீச்சர் இரண்டு முட்டுக்கும் பட்டை கட்டி, ஷூவைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். கோயமுத்தூரிலிருந்து வந்த நாலு பெண்கள் முதலிலேயே பேரைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்ரி சார் பேப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "தங்கபுஷ்பம் டீச்சர். துணை யாரு?"

அந்த நேரம் பார்த்து என் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் டீச்சர், "யாரும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டார்.

"யாராவது டீச்சரோட வர்றீங்களா?" என்று பத்ரி சார் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் யாரையாவது பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மாமா, "குதிரையில போயிரலாமே, பாதி வழியில கேன்டீன் வரைக்கும் போகுமாமே" என்றார். "குதிர ஏறுதுக்கு எனக்கு எதுக்கு சொந்தக் காலு" என்றார் டீச்சர். அப்புறம் நேராக நடந்துபோய் பஸ் படியில் உட்கார்ந்தார். பத்ரி சார் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

கேட்கவே இல்லை பாருங்கள். கேட்கிறேன் என்றார், கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தாராம், அதைக் கேட்டது என்று எடுத்துக்கொள்ள முடியுமா? பார்ப்பதும் கேட்பதும் ஒன்றா? அதுவும் இருபது பேர் நிற்கிற இடத்தில். நான் கையைத் தூக்கி, நான்தான் துணை என்று சொல்ல வேண்டுமாம். மைக்கில் என் ஊர் பேரைச் சொல்லக்கூட எனக்குக் குரல் வரவில்லையே.

ஏறினேன். தனியாகத்தான். குதிரைச் சாணியும் புழுதியும் ஏற்றமும். வளைவுக்கு வளைவு கொடி கட்டியிருக்கிறது. தண்ணீர் உருட்டுகிற பிரார்த்தனைச் சக்கரம் ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மணி அடிக்கிறது. ஆளே இல்லாமல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. முன்னால் போகிறவர்கள் பேச்சுக் குரல் மேலே கேட்கும், பின்னால் வருகிறவர்கள் குரல் கீழே கேட்கும், நடுவில் நான். ஒரு இடத்திலிருந்து பார்த்தால் அடிவாரம் தெரிந்தது. எங்கள் பஸ் தீப்பெட்டி மாதிரி. பக்கத்தில் எறும்பு மாதிரி ஏதோ ஒன்று நகர்ந்தது.

கேன்டீனில் டீ குடித்தேன். அதற்கு மேலே படிக்கட்டு, இறங்கி மறுபடியும் ஏற வேண்டும். நடுவில் ஒரு அருவி. உள்ளே போகும் முன் செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். அதனால் நர்மதாவுக்கு அனுப்ப அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே இருட்டு, நெய் விளக்கு வாசனை. ஒரு துறவி உட்கார்ந்து என்னமோ படித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஜோடி ஜோடியாக விழுந்து கும்பிட்டார்கள். எப்படிக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, யாரிடம் கேட்பது? ஓரமாக ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே நின்றேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. அவ்வளவு அழகு. அதைப் பார்த்துவிட்டு, எப்போது இறங்கலாம் என்று இருந்தது.

இறங்கி வந்தபோது மணி இரண்டு. மணவாளன் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்துப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மணவாளன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்: "மங்கை மேடம், நீங்க போனதுலேர்ந்து டீச்சர் இந்த பஸ்ஸையே சுத்திச் சுத்தி வர்றாங்க. கையில ஊன்றுகோல வச்சுக்கிட்டு, எண்ணிக்கிட்டே. அறுபது வரைக்கும் நானும் எண்ணினேன், அப்புறம் எண்ணெய் காஞ்சிருச்சு. கோல் விக்கிற அம்மா ஏதோ வேண்டுதல்னு நெனச்சு இவங்களப் பாத்துக் கும்பிட்டுட்டாங்க."

"சும்மா இரு மணவாளா. காலு மரத்துப் போச்சு, அதுக்காக நடந்தேன்" என்றார் டீச்சர். தலை நிமிரவில்லை.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மேலே ஒண்ணுமே இல்ல டீச்சர். வெறும் படிதான். நீங்க வராததே நல்லது" என்றேன்.

வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "அப்படியா. நல்லது" என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. சுத்தமாகப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. "லைட்ட அணைக்கட்டா?" என்பார். "சாவிய கீழ குடுத்திரு" என்பார். காலையில் வெந்நீர் இருந்தது, அதை மட்டும் நிறுத்தவில்லை. ஒன், டூ, த்ரீ சத்தம்தான் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து முட்டை நீவிக்கொண்டு சும்மா இருந்தார். எனக்கு முழிப்பு வந்துவிட்டது, ஆனால் தூங்குகிற மாதிரியே கிடந்தேன். நாலரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் ஒரு அறையில் இரண்டு பேர் சத்தம் இல்லாமல் இருப்பது என்றால் எவ்வளவு நேரம் தெரியுமா.

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்துவிட்டேன்? கேட்டால் சரி என்று சொல்லியிருப்பேன். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்காமல் போனது அவர். ஆறுதல் சொன்னேன், அதற்குக் கோபம். இத்தனை நாள் ஒரே அறையில் இருந்துவிட்டு சீட்டை மாற்றிக்கொண்டு போகிற அளவுக்கு நான் என்ன...

என்ன அக்கா, குனிந்து பார்க்கிறீர்கள்? அது என் ஷூதான். பயணம் முழுக்க அது ஒன்றுதான் போட்டேன்.

ஆமாம். பட்டைதான். இழுத்து ஒட்டுகிற பட்டை.

லேஸ் கிடையாது.

...

நான் பார்த்தேன் அக்கா. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்ததைப் பார்த்தேன். பத்ரி சார் 'துணை யாரு' என்று கேட்டதும் டீச்சர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். சிரித்துக்கொண்டுதான் திரும்பினார். ஸ்கூலில் பிள்ளையைக் கூப்பிடும் முன்னால் பார்ப்பார்களே, எழுந்திரு, உனக்குத்தான் பதில் தெரியும் என்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் குனிந்தேன். குனிந்து, அந்தப் பட்டையைப் பிரித்து, திரும்ப ஒட்டினேன். அது கிழிகிற மாதிரிச் சத்தம் போடும். இரண்டு தடவை செய்தேன். அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது அவர் பத்ரி சார் பக்கம் திரும்பியிருந்தார்.

அந்தக் கோயமுத்தூர்ப் பெண்கள் என்று சொன்னேனே. மலைக்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒருத்தி, ஸ்வர்ணா என்று பேர், என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நாளைக்குத் தனியாவா ஏறப் போறீங்க? எங்ககூட வந்திருங்களேன், ஜாலியா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு அப்பளம் எடுக்கப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. அந்த நாலு பேரும் என் வயசு. பஸ்ஸில் அவர்கள் இருக்கிற பக்கம்தான் எப்போதும் சிரிப்பு. நான் தினமும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு, டீச்சர் உரித்துக் கொடுக்கிற ஆரஞ்சைத் தின்றுகொண்டு வருவேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரு மாமி, "என்ன டீச்சர், ஸ்டூடண்டை லீவுக்கும் விடலையா?" என்று கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். ஸ்வர்ணாவும் சிரித்தாள்.

டீச்சருக்குத் துணை என்று பேர் கொடுத்துவிட்டால் நாள் முழுக்க டீச்சரோடுதான். மெதுவாக. ஒன், டூ, ஒன், டூ.

நான் குனிந்து நிமிர்ந்தபோது அந்த நாலு பேரும் கிளம்பிப் போயிருந்தார்கள். ஓடினேன். முதல் வளைவில் பிடித்துவிட்டேன். ஸ்வர்ணா, "ஹாய், வந்துட்டீங்களா" என்றாள். என் பேர் அவளுக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அவர்கள் பேசுவது எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றி, அவர்களுடைய ஆபீஸ். பிறகு எனக்கு மூச்சு வாங்கியது, "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்றேன். "ஓகே, மேலே மீட் பண்ணலாம்" என்று போய்விட்டார்கள். ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் மேலே போகிற வரைக்கும் தனியாகத்தான். அந்த வளைவில்தான் நின்று கீழே பார்த்தேன், எறும்பு மாதிரி நகர்ந்தது என்று சொன்னேனே. அது எறும்பு இல்லை என்று அப்போதே தெரியும். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை ஷூ.

அப்போதே இறங்கியிருக்கலாம். அரை மணி நேரம்கூட ஆகாது. பத்ரி சார் கீழேதான் இருந்தார், பேரைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஏறியிருப்போம். மணி எட்டுகூட ஆகவில்லை. நான் அங்கேயே நின்று பார்த்தேன். ஆறு சுற்று வருகிற வரைக்கும் பார்த்தேன். அவர் எங்கேயும் நிற்கவில்லை.

பிறகு மேலே போனேன்.

இது எல்லாம் அவருக்குத் தெரியாது. பட்டைச் சத்தம் மட்டும்தான் தெரியும்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன். இன்றைக்கு மூன்று. இனிமேல் ஏறலாம் வாருங்கள் என்று எந்த மலையைக் காட்டுவது? புது முட்டு போட்டபிறகு நன்றாக நடக்கலாம் என்கிறார்கள். ஆனால் அவர் கேட்டது அது இல்லையே.

சீட்டை ஏன் மாற்றினார் என்று நேற்றிலிருந்து யோசித்தேன். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் தோன்றுகிறது. அவர் இருந்தால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்று பார்த்துத்தான் போயிருப்பாரோ? ரயில் ஏறின உடனே நான் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தலைகீழாக இல்லை, சரியாகத்தான் பிடித்தேன். ஆனால் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. அதை அவர் கவனித்திருப்பார். அவரும் கவனிக்கிற ஆள்தான்.

சென்ட்ரலில் இறங்கினால் அவர் எழும்பூர் போய் முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடிப்பார். நான் மலைக்கோட்டை. இரண்டும் ஒரே ஸ்டேஷன்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரை எங்கே தேடுவது. இந்த ரயிலை விட்டால் இல்லை.

நெல்லூர் தாண்டிவிட்டதா? ஆமாம், தாண்டிவிட்டது.

பி ஆறு. இங்கிருந்து இரண்டு பெட்டி தள்ளி. நேற்று மத்தியானம் ஒரு தடவை போனேன். கண்ணாடிக் கதவு வரைக்கும். தூங்குவார், எழுப்ப வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். தூங்குகிறாரா என்று எட்டிப் பார்க்கவில்லை.

பகலில் அவர் தூங்க மாட்டார் அக்கா.

போய் என்ன சொல்வது? நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டாம், சொல்லிக்கொடுத்தால் அதையே ஒப்பிப்பேன். பார்த்தேன் டீச்சர் என்று சொல்லலாம். பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன் என்று. அது ஒரு வாக்கியம்தான். அதற்குக் குரல் வந்தால் போதும். திட்டினால் திட்டட்டும், அந்தக் குரலுக்குப் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். மேலே ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அது பொய் என்றும் சொல்ல வேண்டும். ஜன்னலிலிருந்து பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று அவரிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் நான் அதை இன்னும் சொல்லவில்லை, நர்மதாவுக்குக்கூட எழுதவில்லை.

என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா? ஷூ வேண்டாம், செருப்பே போதும்.

நடுவில் எங்கேயும் நிற்காமல் போய்விட வேண்டும். நின்றால் திரும்பி வந்துவிடுவேன். அப்படி வந்தால் என்னிடம் ஒன்றும் பேசாதீர்கள் அக்கா. இந்த இடத்தில் என்னை உட்கார விடாதீர்கள்.